‘லீவு மைனஸ்ல இருக்கு, பணம் கட்டுங்க!’ வேலையை விடும்போது வரும் கடைசிக் கணக்கை எப்படிச் சரிபார்ப்பது?

வேலையை விடுகிறவர்கள் எல்லோருக்கும் ஒரு கணக்கு இருக்கும். கடைசி மாதச் சம்பளம் வரும், எடுக்காத லீவுக்குப் பணம் வரும், போனஸ் பாக்கி ஏதாவது இருந்தால் அதுவும் வரும். புது வேலையில் முதல் சம்பளம் கைக்கு வரும்வரை அதை வைத்து வீட்டை ஓட்டிவிடலாம். ஸ்கூல் ஃபீஸ், வாடகை, நகைக்கடன் வட்டி எல்லாம் அந்தத் தொகையை நம்பித்தான் தள்ளிவைக்கப்பட்டிருக்கும்.

ஆனால், ‘செட்டில்மென்ட்’ தாள் கைக்கு வந்ததும் சிலருக்குத் தூக்கிவாரிப்போடும். வர வேண்டிய பணத்துக்குக் கீழே ஒரு வரி: ‘லீவு நிலுவை: மைனஸ் 5. பிடித்தம்: 5,000 ரூபாய்.’ எடுத்த லீவு, சேர்ந்த லீவைவிட அதிகம் என்று அதற்கு அர்த்தம். சம்பளத்தோடு அனுபவித்த லீவை இப்போது பணமாகத் திருப்பித் தர வேண்டும் என்கிறது கம்பெனி.

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை நீளும் வடசென்னையில் இது சின்ன விஷயம் அல்ல. மோட்டார் வாகனத் தொழிற்சாலை, டயர் தொழிற்சாலை, மணலியின் சுத்திகரிப்பு ஆலையும் உரத் தொழிற்சாலையும், துறைமுகங்கள், கன்டெய்னர் யார்டுகள், லேத் பட்டறைகள், ஷிப்பிங் ஏஜென்சி அலுவலகங்கள் என்று விதவிதமான வேலை இடங்கள் ஒரே பகுதியில் நெருக்கியடித்து நிற்கின்றன. ஐ.டி.ஐ. முடித்த பையன் இரண்டு வருடத்தில் மூன்று கம்பெனி மாறுவது இங்கே சாதாரணம். ஒவ்வொரு முறை மாறும்போதும் ஒரு கடைசிக் கணக்கு. அதில் இந்த மைனஸ் எப்படி வருகிறது, அதைப் பிடிக்கலாமா, பிடித்தால் எவ்வளவு பிடிக்கலாம் என்பது தெரிந்திருந்தால் சில ஆயிரம் ரூபாயாவது மிஞ்சும்.

மைனஸ் எப்படி வருகிறது?

பெரும்பாலான கம்பெனிகளில் ஜனவரி 1-ம் தேதி அந்த வருடத்துக்கான மொத்த லீவையும் கணக்கில் ஏற்றிவிடுவார்கள். வருடத்துக்கு 18 நாள் ஈ.எல். என்றால், ஜனவரி முதல் நாளே மொபைல் ஆப்பில் 18 என்று காட்டும். அதைப் பார்க்கும் ஊழியர், ‘18 நாள் நம்முடையது’ என்றுதான் நினைப்பார். கம்பெனியின் கணக்கோ வேறு. மாதத்துக்கு ஒன்றரை நாள் வீதம் வருடம் முழுக்க வேலை பார்த்தால்தான் அந்த 18. நடுவில் ஜூன் மாதமே கிளம்பினால், சேர்ந்தது 9 நாள்தான். அதற்குள் 14 நாள் எடுத்திருந்தால் மைனஸ் 5.

இரண்டாவது வழி, முன்கூட்டியே கேட்டு வாங்கும் லீவு. அக்கா கல்யாணம், அப்பாவின் ஆபரேஷன், ஊர்த் திருவிழா என்று கணக்கில் இல்லாத லீவைக் கேட்பார்கள். சூப்பர்வைசரும், ‘போயிட்டு வா, அப்புறம் அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்’ என்பார். அந்த ‘அப்புறம்’ வருவதற்குள் வேலை மாறிவிடும்.

மூன்றாவது வழியில் ஊழியருக்குத் தெரியாமலேயே கணக்கு குறையும். மூன்று முறை லேட்டாக வந்தால் அரை நாள், பஞ்சிங் விடுபட்டால் ஒரு நாள், ஆலையையே மூடிவைத்த நாள்கள் என்று லீவுக் கணக்கிலிருந்து கழித்துக்கொண்டே போவார்கள். மாதச் சம்பளம் குறையாததால் யாரும் கவனிப்பதில்லை. கடைசி நாளில்தான் எல்லாம் சேர்ந்து வெளியே வரும்.

முதலாளி தரப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை. எட்டுப் பேரை வைத்துப் பட்டறை நடத்துகிறவர், ஒரு பையனுக்குப் பத்து நாள் சம்பளத்தோடு லீவு கொடுக்கிறார். திரும்பி வந்த அடுத்த வாரமே அவன் அதிகச் சம்பளம் கிடைக்கும் இடத்துக்குப் போய்விட்டால் அந்தப் பத்து நாள் சம்பளம் அவருக்கு நஷ்டம்தான். கேள்வி, திருப்பிக் கேட்கலாமா என்பது மட்டுமல்ல. கணக்கு சரியா என்பதும்தான்.

சட்டம் சொல்லும் வரிசை

தொழிற்சாலைகளில் சம்பளத்துடன் கூடிய வருட விடுப்பைப் பல பத்தாண்டுகளாகத் தீர்மானித்து வந்தது 1948-ம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம். அதன் 79-வது பிரிவு சொன்ன முறை எளிமையானது. ஒரு காலண்டர் வருடத்தில் 240 நாள் வேலை செய்தவருக்கு, ஒவ்வொரு 20 நாள் வேலைக்கும் ஒரு நாள் வீதம் அடுத்த வருடத்தில் விடுப்பு. முதலில் உழைப்பு, பிறகு விடுப்பு. இந்த வரிசையில் மைனஸுக்கே இடமில்லை. ஜனவரியில் மொத்தமாக ஏற்றிவிடுவது கம்பெனிகள் தங்கள் வசதிக்காகவும் ஊழியர்களின் வசதிக்காகவும் செய்துகொண்ட ஏற்பாடு.

2025 நவம்பர் 21 முதல் நாடு முழுக்க நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. அதில் பணிப் பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் தொகுப்பின் 32-வது பிரிவு விடுப்பைப் பற்றியது. 20 நாள் வேலைக்கு ஒரு நாள் விடுப்பு என்ற விகிதம் அப்படியே இருக்கிறது. 240 நாள் என்ற தகுதி 180 நாளாகக் குறைந்திருக்கிறது. எடுக்காத விடுப்பில் 30 நாள் வரை அடுத்த வருடத்துக்குக் கொண்டுபோகலாம் என்பதும் தொடர்கிறது.

பழைய சட்டம், புதிய தொகுப்பு இரண்டிலும் உள்ள ஒரு முக்கியமான விஷயம் பலருக்குத் தெரியாது. நடுவில் வேலையை விட்டாலும், நீக்கப்பட்டாலும், அந்த வருடத்தில் 240 அல்லது 180 நாளை எட்டாவிட்டாலும்கூட, அதுவரை உழைத்த நாள்களுக்கு அதே விகிதத்தில் விடுப்புச் சம்பளம் உண்டு. அதை இரண்டாவது வேலை நாள் முடிவதற்குள் கொடுத்துவிட வேண்டும். ஊழியர் இறந்துவிட்டால், அவர் வாரிசுகளுக்கு இரண்டு மாதத்துக்குள் கொடுக்க வேண்டும்.

ராயபுரம், பாரிமுனைப் பக்கம் உள்ள ஷிப்பிங், கிளியரிங் அலுவலகங்களில் வேலை பார்ப்பவர்களுக்குப் பொருந்துவது தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947. இதன் 25-வது பிரிவின்படி, 12 மாதம் தொடர்ந்து வேலை செய்தால் அடுத்த 12 மாதத்தில் 12 நாள் சம்பளத்துடன் விடுமுறை. அதை 24 நாள் வரை சேர்த்துவைக்கலாம். இதைத் தவிர, வேலைக்குச் சேர்ந்த முதல் 12 மாதத்திலேயே உடல்நலக் குறைவுக்கு 12 நாள் வரையும், சி.எல். 12 நாள் வரையும் உண்டு.

‘மாதத்துக்கு ஒரு சி.எல்.தான், நீங்க நாலு மாசத்துல ஏழு எடுத்துட்டீங்க, மூணு மைனஸ்’ என்று சொல்கிற அலுவலகங்கள் இருக்கின்றன. ஆனால், மாதத்துக்கு ஒன்று என்ற அளவு அந்தப் பிரிவில் இல்லை. 12 மாத காலத்தில் 12 நாள் வரை என்றுதான் இருக்கிறது. மாதக் கணக்கு கம்பெனி வைத்துக்கொண்ட விதி. அது எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்று கேட்பதில் தவறில்லை.

பிடிக்கலாமா? எவ்வளவு?

சம்பளத்தில் எதைப் பிடிக்கலாம், எதைப் பிடிக்கக் கூடாது என்பதற்கு 1936-ம் ஆண்டின் ஊதியப் பட்டுவாடாச் சட்டத்திலேயே பட்டியல் உண்டு. அந்தப் பட்டியல் இப்போது 2019-ம் ஆண்டின் ஊதியத் தொகுப்பில் 18-வது பிரிவாக இருக்கிறது. பட்டியலில் இல்லாத எதையும் பிடிக்க முடியாது. ‘லீவு மைனஸ்’ என்று அதில் தனியாக ஒரு வரி கிடையாது. ஆனால், கொடுத்த முன்பணத்தைத் திரும்பப் பெறுவதும், கூடுதலாகக் கொடுத்துவிட்ட ஊதியத்தைச் சரிக்கட்டுவதும் பட்டியலில் இருக்கின்றன. உழைக்காத நாளுக்கு முன்கூட்டியே கொடுத்த சம்பளம் என்று சொல்லி, இந்த வாசல் வழியாகத்தான் கம்பெனிகள் பிடிக்கின்றன.

அதனால், பிடித்தமே கூடாது என்று வாதாடுவது பல நேரம் எடுபடாது. எடுபடக்கூடியவை மூன்று கேள்விகள்.

முதல் கேள்வி: அப்படிப் பிடிப்போம் என்று எங்கே சொல்லியிருக்கிறீர்கள்? நியமனக் கடிதம், லீவு விதிகள், ஆலையின் நிலையாணைகள், தொழிற்சங்க ஒப்பந்தம் ஆகியவற்றில் ஏதாவது ஒன்றில் அது இருக்க வேண்டும். இங்கிலாந்தில் இதைச் சட்டமே தெளிவாகச் சொல்கிறது. கூடுதலாக எடுத்த விடுமுறைக்குப் பணம் திரும்பக் கேட்க வேண்டுமென்றால், அதற்கான ஒப்பந்தம் முன்பே இருக்க வேண்டும் என்பது அங்கே 1998 முதல் உள்ள விதி. நம் சட்டத்தில் அவ்வளவு நேரடியான வாசகம் இல்லாததால், கையெழுத்துப் போட்ட தாளைத்தான் புரட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இரண்டாவது கேள்வி: ஒரு நாள் சம்பளம் என்பதை எப்படிக் கணக்கிட்டீர்கள்? மாதச் சம்பளம் 26,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதை 26-ஆல் வகுத்தால் ஒரு நாளைக்கு 1,000 ரூபாய். 30-ஆல் வகுத்தால் சுமார் 867 ரூபாய். மைனஸ் 5 நாளுக்கு முதல் வழியில் 5,000, இரண்டாவது வழியில் 4,333. இன்னொரு விஷயமும் உண்டு. எடுக்காத லீவுக்குப் பணம் தரும்போது அடிப்படைச் சம்பளத்தை மட்டும் வைத்துக் கணக்கிடும் சில இடங்கள், பிடிக்கும்போது மொத்தச் சம்பளத்தை வைத்துக் கணக்கிடும். அடிப்படைச் சம்பளம் 13,000 என்றால், தரும்போது நாளுக்கு 500, வாங்கும்போது நாளுக்கு 1,000. கொடுக்கும் படியும் அளக்கும் படியும் ஒன்றாக இருக்க வேண்டாமா என்று கேட்டாலே பல ஹெச்.ஆர். மேசைகளில் கணக்கு மாறும்.

மூன்றாவது கேள்வி: மொத்தப் பிடித்தம் பாதியைத் தாண்டுகிறதா? லீவு மைனஸ், நோட்டீஸ் நாள் குறைவு, அட்வான்ஸ், யூனிஃபார்ம் என்று எத்தனை பெயரில் பிடித்தாலும், ஒரு சம்பளக் காலத்தில் மொத்தப் பிடித்தம் ஊதியத்தில் 50 சதவிகிதத்தைத் தாண்டக் கூடாது. 26,000 ரூபாய் வர வேண்டியவருக்கு 13,000 ரூபாயாவது கைக்கு வர வேண்டும். மிச்சப் பாக்கி இருந்தால் அதை விதிப்படி தனியாகத்தான் வசூலிக்க வேண்டும். ‘எல்லாம் கழிச்சதுல ஒண்ணும் இல்ல, நீங்கதான் ரெண்டாயிரம் கட்டணும்’ என்று சொல்லும் செட்டில்மென்ட் தாள், இந்த வரம்பை மீறியிருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

மைனஸ் 2, பிளஸ் 1 ஆகும் கணக்கு

இப்போது முக்கியமான கணக்குக்கு வருவோம். ஒரு தொழிலாளி மணலியில் ஓர் ஆலையில் ஜனவரியில் சேர்கிறார். முதல் வருடம் 280 நாள் வேலை செய்கிறார், 9 நாள் ஈ.எல். எடுக்கிறார். இரண்டாம் வருடம் ஜூன் கடைசி வரை 130 நாள் வேலை செய்கிறார், 11 நாள் ஈ.எல். எடுக்கிறார். பிறகு வேலையை விடுகிறார்.

கம்பெனியின் கணக்கு இப்படி இருக்கும்: வருடத்துக்கு 18 நாள். முதல் வருடம் மிச்சமிருந்த 9 நாள் டிசம்பர் 31-ம் தேதியோடு காலாவதி. இரண்டாம் வருடம் ஆறு மாதத்துக்குச் சேர்ந்தது 9 நாள், எடுத்தது 11 நாள். ஆகவே, மைனஸ் 2.

சட்டத்தின் குறைந்தபட்ச அளவை வைத்துப் போட்டால்? முதல் வருட 280 நாளுக்கு 20-க்கு ஒன்று வீதம் 14 நாள். இரண்டாம் வருட 130 நாளுக்கு ஆறரை. அரை நாளோ அதற்கு மேலோ இருந்தால் முழு நாளாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதால் 7 நாள். மொத்தம் சேர்ந்தது 21. இரண்டு வருடத்திலும் சேர்த்து எடுத்தது 20. ஆகவே, பிளஸ் 1.

ஒரே ஆள், ஒரே லீவு. ஒரு கணக்கில் அவர் இரண்டு நாள் சம்பளம் கட்ட வேண்டும். இன்னொரு கணக்கில் அவருக்கு ஒரு நாள் சம்பளம் வர வேண்டும். நாளுக்கு 1,000 ரூபாய் என்றால் வித்தியாசம் 3,000 ரூபாய்.

வித்தியாசம் எங்கே வந்தது? டிசம்பர் 31-ம் தேதி காலாவதியான அந்த நாள்களில்தான். சட்டம் தரும் குறைந்தபட்ச விடுப்பில் எடுக்காததை 30 நாள் வரை அடுத்த வருடத்துக்குக் கொண்டுபோக உரிமை உண்டு. கம்பெனி தன் விருப்பத்தில் கூடுதலாகத் தரும் லீவுக்குத் தன் நிபந்தனையை வைக்கலாம். சட்டம் தரும் லீவை டிசம்பர் 31-ல் அழித்துவிட முடியாது. அதனால், இந்த வருடக் கணக்கை மட்டும் பார்க்காமல், வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து உள்ள முழுக் கணக்கையும் கேட்டு வாங்குங்கள். மைனஸ் உண்மையானதா என்பது அதில்தான் தெரியும்.

உங்கள் லீவே இல்லாத நாள்கள்

2019 செப்டம்பரில் வாகன விற்பனை சரிந்தபோது, அசோக் லேலண்ட் நிறுவனம் தன் ஆலைகளுக்கு வேலையில்லா நாள்களை அறிவித்தது. எண்ணூர் ஆலைக்கு மட்டும் அந்த மாதத்தில் 16 நாள். அடுத்த வருடம் கொரோனா ஊரடங்கு. 2020 மார்ச் 29-ம் தேதி, ஊரடங்குக் காலத்தில் சம்பளத்தைப் பிடிக்காமல் கொடுக்க வேண்டும் என்று மத்திய உள்துறை அமைச்சகம் உத்தரவிட்டது. மே 18 முதல் அந்த உத்தரவு விலக்கிக்கொள்ளப்பட்டது. அந்த 50 நாள் சம்பளத்தைத் தொழிலாளர்களும் நிர்வாகமும் பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்று ஜூன் 12-ம் தேதி உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம், எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய், மாதக் கடைசியில் பெரியகுப்பத்தில் அம்மோனியா கசிவு என்று இந்தப் பகுதி மக்கள் வீட்டை விட்டு வெளியேற வேண்டிய இரவுகளும் வந்தன.

இப்படிப்பட்ட நாள்கள் ஊழியரின் லீவுக் கணக்கில் எப்படி எழுதப்படுகின்றன என்பது முக்கியம். நிர்வாகமே வேலை தர முடியாத நிலைக்குச் சட்டத்தில் ‘லே-ஆஃப்’ என்று பெயர். 50 அல்லது அதற்கு மேல் தொழிலாளர்கள் உள்ள ஆலையில், ஒரு வருடம் பணி முடித்தவருக்கு அந்த நாள்களுக்கு அடிப்படைச் சம்பளம், பஞ்சப்படி இரண்டும் சேர்ந்த தொகையில் பாதி இழப்பீடாகக் கிடைக்க வேண்டும். விடுப்புக்கான தகுதி நாள்களைக் கணக்கிடும்போது அந்த நாள்களையும் வேலை செய்த நாளாகவே சேர்க்க வேண்டும். தொழிற்சங்க ஒப்பந்தப்படி, பின்னாளில் ஞாயிற்றுக்கிழமை வேலை பார்த்து ஈடுகட்டுவதும் உண்டு. யாரையும் கேட்காமல் ஈ.எல். கணக்கிலிருந்து கழித்திருந்தால், அந்த மைனஸ் ஊழியர் உண்டாக்கியது அல்ல.

இன்னும் சில நாள்களும் வருட விடுப்பில் கழிக்கப்படக் கூடாதவை. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாள்களும், அவற்றோடு ஐந்து பண்டிகை நாள்களும் தமிழ்நாட்டில் 1958-ம் ஆண்டுச் சட்டப்படி சம்பளத்துடன் கூடிய விடுமுறை. லீவின் நடுவே அவை வந்தால் லீவாக எண்ணக் கூடாது. இ.எஸ்.ஐ. மருத்துவர் சான்றிதழ் கொடுத்து வீட்டில் இருந்த நாள்களுக்கு இ.எஸ்.ஐ. கழகமே சம்பளத்தில் 70 சதவிகிதம் தருகிறது. அதை மறுபடியும் ஈ.எல். கணக்கில் எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள். 26 வார மகப்பேறு விடுப்பும் வருட விடுப்பும் வேறு வேறு. குழந்தை பிறந்த பிறகு வேலையை விடும் பெண்களின் செட்டில்மென்டில் இந்தக் குழப்பம் இருக்கிறதா என்று கூடுதல் கவனத்தோடு பார்க்க வேண்டும்.

கடற்கரைச் சாலையில் வேறு விதி

தனியார் ஆலைகளில் இவ்வளவு குழப்பம் இருக்க, துறைமுகத்துக்கு எதிரே சுங்க மாளிகையில் வேலை பார்க்கும் மத்திய அரசு ஊழியருக்கு இதே பிரச்னைக்குப் பல வருடங்களாக எழுதிவைத்த விதி இருக்கிறது. மத்திய குடிமைப் பணிகள் விடுப்பு விதிகள், 1972.

அதன்படி ஈட்டிய விடுப்பு ஜனவரி 1, ஜூலை 1 ஆகிய தேதிகளில் 15 நாள் வீதம் முன்கூட்டியே ஏற்றப்படும். நடுவில் விலகினால் முடிந்த மாதத்துக்கு இரண்டரை நாள் வீதம் கணக்கு. கணக்கில் லீவே இல்லாதபோது கடுமையாக உடல்நலம் கெட்டால்? அதற்கும் ஓர் ஏற்பாடு உண்டு. மருத்துவச் சான்றிதழின் பேரில், பணிக்காலம் முழுக்கச் சேர்த்து 360 நாள் வரை, இன்னும் சேராத விடுப்பை முன்கடனாகத் தரலாம். பின்னால் சேரும் அரைச் சம்பள விடுப்பில் அது கழிக்கப்படும்.

அப்படி எடுத்தவர் திரும்பி வந்து கணக்கை நேர் செய்வதற்கு முன் ராஜினாமா செய்தால், ஈடாகாத நாள்களுக்கான விடுப்புச் சம்பளத்தைத் திருப்பித் தர வேண்டும். ஆனால், இனி வேலை செய்யவே முடியாத அளவுக்கு உடல்நலம் கெட்டு ஓய்வு பெற்றாலோ, இறந்துவிட்டாலோ திருப்பிக் கேட்கக் கூடாது.

தனியார் கம்பெனிகளின் லீவு விதிகளில் இல்லாதது அந்தக் கடைசி வரிதான். அதிகச் சம்பளத்துக்காக வேலை மாறுகிறவரும், டயாலிசிஸுக்குப் போக வேண்டியிருப்பதால் வேலையை விடுகிறவரும் செட்டில்மென்ட் தாளில் ஒரே மாதிரி மைனஸ்தான். கணவர் இறந்த பத்தாவது நாளில் செட்டில்மென்டுக்காகக் கம்பெனி வாசலில் நிற்கும் மனைவியிடம் லீவுப் பாக்கி பேசக் கூடாது என்று ஒரு வரி எழுதிவைக்க எந்தக் கம்பெனிக்கும் பெரிய செலவு ஆகாது. தொழிற்சங்கங்கள் அடுத்த ஊதிய ஒப்பந்தப் பேச்சில் கேட்டு வாங்கக்கூடிய விஷயம் இது.

கான்ட்ராக்ட் தொழிலாளி என்றால்...

ஒரே ஆலை, ஒரே மெஷின், ஒரே கேட் பாஸ் என்றாலும் கான்ட்ராக்டர் மட்டும் வருடத்துக்கு ஒருமுறை மாறுவது இந்தப் பகுதியில் பார்க்கக்கூடிய காட்சி. பழைய கான்ட்ராக்டர் போகும்போது மைனஸ் லீவைப் பிடித்துக்கொள்வார். பிளஸ் லீவு இருந்தால், ‘புது கான்ட்ராக்டர்கிட்ட கேளு’ என்பார். புதியவர், ‘நீ நேத்துதான் சேர்ந்த’ என்பார்.

கான்ட்ராக்டர் ஊதியத்தைக் கொடுக்கத் தவறினால், முதன்மை நிறுவனம் அதைக் கொடுத்துவிட்டுக் கான்ட்ராக்டரிடம் வசூலித்துக்கொள்ள வேண்டும் என்பது 1970-ம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தில் இருந்தது. புதிய தொகுப்பிலும் இருக்கிறது. அதனால், கான்ட்ராக்டர் மாறும்போதே லீவு நிலுவையை எழுத்தில் வாங்கி, ஆலையின் பணியாளர் பிரிவுக்கும் ஒரு நகல் கொடுத்துவிடுவது நல்லது.

கைவைக்கக் கூடாத பணம்

லீவு மைனஸைக் காட்டி பி.எஃப். பணத்தில் கைவைக்க முடியாது. அது ஊழியரின் எந்தக் கடனுக்காகவும் பிடித்துவைக்க முடியாத பணம் என்று பி.எஃப். சட்டத்தின் 10-வது பிரிவு சொல்கிறது. விலகிய தேதியைக் கம்பெனி பதிவு செய்யாமல் இழுத்தடித்தால், கடைசி பி.எஃப். தொகை செலுத்தப்பட்டு இரண்டு மாதம் ஆன பிறகு யு.ஏ.என். தளத்தில் ஊழியரே அதைப் பதிவு செய்யலாம்.

பணிக்கொடையை எந்தெந்தக் காரணத்துக்காகத் தராமல் நிறுத்தலாம் என்று சட்டத்திலேயே இருக்கிறது. கம்பெனி சொத்துக்குச் சேதம், வன்முறை, ஒழுக்கக்கேடான குற்றம் போன்றவைதான் அவை. லீவு அதிகமாக எடுத்தது அந்தப் பட்டியலில் இல்லை.

‘பணத்தைக் கட்டினால்தான் ரிலீவிங் லெட்டர்’ என்பது இன்னொரு நெருக்கடி. புதுக் கம்பெனியில் சேரும் தேதி நெருங்குவதால் பலர் சண்டை போடாமல் கட்டிவிடுகிறார்கள். கட்டித்தான் ஆக வேண்டிய நிலை என்றால், ‘கணக்கை ஏற்காமல், மறுப்புடன் செலுத்துகிறேன்’ என்று ஒரு வரி எழுதி மெயில் அனுப்பிவிட்டுக் கட்டுங்கள். பிறகு கேட்பதற்கு அது ஆதாரம்.

என்ன செய்யலாம்?

* ராஜினாமா கடிதம் கொடுப்பதற்கு முன்பே லீவு ஆப்பில் உள்ள கணக்கை ஸ்கிரீன்ஷாட் எடுத்துவையுங்கள். கடைசி நாளுக்குப் பிறகு லாக்-இன் வேலை செய்யாது.

* சேர்ந்த நாளிலிருந்து உள்ள லீவுக் கணக்கையும், ஒவ்வொரு வருடமும் வேலை செய்த நாள்களின் எண்ணிக்கையையும் மெயிலில் கேளுங்கள். வாய் வார்த்தையாகக் கேட்டால் பதில் வராது.

* நியமனக் கடிதத்தில் லீவுப் பிடித்தம் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள். ஒரு நாள் சம்பளம் எப்படிக் கணக்கிடப்பட்டது என்று கேளுங்கள்.

* மைனஸ் உண்மை என்று தெரிந்தால், பணமாகக் கட்டுவதற்குப் பதில் கடைசி வாரத்தில் கூடுதல் நாள் வேலை பார்த்து ஈடுகட்டலாமா என்று பேசிப்பாருங்கள். முடியாவிட்டால் இரண்டு தவணை கேளுங்கள்.

* ‘முழுப் பணமும் பெற்றுக்கொண்டேன், இனி எந்தப் பாக்கியும் இல்லை’ என்ற தாளில், பணம் கணக்கில் ஏறுவதற்கு முன் கையெழுத்துப் போடாதீர்கள்.

* ஊதியத் தொகுப்பின்படி, ராஜினாமா செய்தவருக்கும் இரண்டு வேலை நாளுக்குள் ஊதியப் பாக்கி வந்துவிட வேண்டும். வராவிட்டால் தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனு கொடுக்கலாம். பழைய சட்டத்தில் ஒரு வருடமாக இருந்த அவகாசம், ஊதியத் தொகுப்பில் மூன்று வருடமாகியிருக்கிறது.

* வக்கீல் வைக்க வசதியில்லை என்று விட்டுவிட வேண்டாம். ஆலைத் தொழிலாளர்கள், பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் அழைத்துக் கேட்கலாம்.

முதலாளிகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஜனவரியில் ஆப்பில் 18 என்று காட்டும்போதே, அதன் பக்கத்தில் ‘இன்றுவரை சேர்ந்தது’ என்று இன்னோர் எண்ணையும் காட்டிவிட்டால் பாதிப் பிரச்னை தீர்ந்துவிடும். லேட்டுக்கும் பஞ்சிங்குக்கும் லீவைக் கழிக்கிற அன்றே ஒரு குறுஞ்செய்தி போனால் மீதிப் பாதியும் தீரும்.

இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கமாகக் கருதப்படும் சென்னைத் தொழிலாளர் சங்கம், 1918 ஏப்ரலில் பெரம்பூர் பின்னி ஆலைத் தொழிலாளர்களுக்காக உருவானது. சாப்பாட்டு இடைவேளைக்குப் போதுமான நேரம் வேண்டும் என்பது அந்தத் தொழிலாளர்களின் குறைகளில் ஒன்று. நிமிடக் கணக்கில் போராடி வாங்கிய ஓய்வுதான் இன்று நாள் கணக்கில் நம் லீவுப் பட்டியலில் நிற்கிறது. அந்தக் கணக்கை எண்ணிப் பார்த்து வாங்குவதில் கூச்சப்பட எதுவுமில்லை. உங்கள் வீட்டில் யாராவது இந்த மாதம் வேலை மாறுகிறார்கள் என்றால், கடைசி நாளுக்கு முன்பே அந்த லீவுக் கணக்கை ஒருமுறை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.